பள்ளத்துக் குழாயும் பன்னிரண்டு கேத்தலும்

வேலாயி ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அது நல்லதாக இருந்தாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி. கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையான கீழ் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. அந்தப் பன்னிரண்டிலும் அவளிடம் ஒரு தடவையாவது வாய்கொடுத்துத் தோற்காத ஆள் கிடையாது. ஆனால் எந்தக் காம்பராவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வாசலில் வந்து நிற்கிறதும் அவள்தான். அதனால் சண்டை வரும், போகும். பேச்சு மட்டும் நின்றதில்லை.

திம்புள்ளைப் பக்கம் பிறந்தவள். பதினெட்டு வயதில் கல்யாணம் கட்டி, நுவரெலியாவுக்கு மேலே இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தாள். அன்றைக்குத் தூக்கின கொழுந்துக் கூடை முப்பத்தெட்டு வருஷம் முதுகை விட்டு இறங்கவில்லை. அவள் கை படாத தேயிலைச் செடி அந்த மலையில் இல்லை. ஆனால் இது என்னுடையது என்று சொல்லி ஒரு மிளகாய்க் கன்று நட, பிடி மண் கிடையாது. லயத்து வாசலும் தோட்டத்துடையது, பின்கோடியும் தோட்டத்துடையது.

போன வருஷம்தான் அந்தப் பள்ளம் கிடைத்தது. லயத்துக்குக் கீழே, கூரையில்லாத கிண்ணம் மாதிரி ஒரு இடம். முன்னே தேயிலை இருந்ததுதான். தை மாசத்துப் பனி சுட்டுச் சுட்டுச் செடியெல்லாம் செத்து, காடு மண்டிக் கிடந்தது. குளிரும் தண்ணியைப் போலத்தான், பள்ளம் பார்த்து இறங்கி அங்கேயே தேங்கி நிற்கும். அந்த இடத்தைக் கேட்டு வேலாயி மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் விஜிதரன் கண்டாக்கு வெளியே வந்தார். மலையில் நடக்கிற வேலையெல்லாம் பார்க்கிறவர் அவர். தோட்டத்தை நடத்துகிற தொரையின் வார்த்தை அவர் வாயால்தான் லயத்துக்கு வரும்.

"ஒரு போகம் பாப்போம் வேலாயி. வெளைஞ்சா வச்சுக்கங்க. பனியில கருகிச்சோ, அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. யூகலிப்டஸ் கன்னு நட்டுருவோம். அது தொரை சொன்னது."

"கருகாதுங்க," என்றாள் வேலாயி.

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன்ல."

காடு வெட்டி, கல் பொறுக்கி, கார்த்திகையில் உருளைக்கிழங்கு நட்டாள். தை பிறந்தபோது செடி முழங்கால் உயரம். வெள்ளையும் ஊதாவுமாகப் பூ வேறு விட்டிருந்தது. தினமும் விடியலில் போய் ஒரு பாத்தி விடாமல் பார்த்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவாள். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது அவள் காலில் எப்போதும் அந்தப் பள்ளத்து மண் ஒட்டியிருக்கும்.

பனியை அவளுக்குத் தெரியும். இலையில் பனி உறைந்ததும் செடி செத்துவிடாது. உறைந்த பனியோடு நிற்கிற இலையை வெயில் தொட்டால்தான் கதை முடிந்தது; மத்தியானத்துக்குள் வெந்த கீரை மாதிரி கருத்துத் தொங்கும். வெயில் வருவதற்கு முன்னாலேயே தண்ணி அடித்துப் பனியைக் கழுவிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். நுவரெலியா டவுனைச் சுற்றித் தோட்டம் செய்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். குடத்தில் சுமந்து ஊற்றுகிற வேலை இல்லை அது. நாலு பாத்தி நனைப்பதற்குள் சூரியன் தலைக்கு மேலே வந்துவிடும். குழாய் வேண்டும், அந்தக் குழாயில் விடியலில் தண்ணி வர வேண்டும்.

மலை ஊற்றுத் தண்ணி விழுகிற, லயத்துக்காரர் குளிக்கிற பீலிக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பள்ளம் வரைக்கும் இருநூறு அடி கறுத்த ஹோஸ் இழுத்தாள். டவுனில் முஹ்ஸின் நானா கடையில் வாங்கினது.

"பனிக்கு முந்தி இதை மண்ணுக்குள்ள போட்டுருங்க வேலாயக்கா," என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். "வெளிய கெடந்தா உள்ள தண்ணி கட்டியாப் போகும். போன வருஷம் ஒரு பங்களாவுல குழாய் வெடிச்சு, அந்த ஐயா என்னை வந்து ஏசினாரு, நான்தான் பனியைக் கொண்டாந்து வித்த மாதிரி."

அதனால் பொங்கல் முடிந்த கையோடு வேலாயி மண்வெட்டியைத் தூக்கினாள். கூட நின்றது மருமகள் சுலக்ஷனா. மகன் கிஷாந்த் நீர்கொழும்பில் மீன் கம்பனியில் வேலை. அங்கேயே உடப்புக் கடற்கரைப் பெண்ணைப் பார்த்துப் பிடித்து, கட்டி, வாடகைக்கு வீடு கிடைக்கிறவரை அம்மாவோடு இரு என்று ஐப்பசியில் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் இரண்டு சுவெட்டர் போட்டுத்தான் பேசினாள். லயத்தில் அவளுக்கு 'உடப்புப் புள்ள' என்று பெயர்.

இருநூறு அடியில் பெரும்பகுதியை முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்துவிட்டார்கள். நடுவில் முப்பது அடி மட்டும் பாறை. அதில் மண்வெட்டி பட்டால் தீப்பொறிதான் வரும். அந்த முப்பது அடியையும் வேலாயி துணியால் சுற்றினாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிச் சாக்கு கட்டுவார்கள், படங்கு என்று பெயர். காம்பரா காம்பராவாகப் போய்க் கிழிந்த படங்கெல்லாம் வாங்கி வந்து, அதைச் சுற்றி, மேலே மானாப்புல்லை வைத்துக் கட்டினாள்.

எதிர்க் காம்பரா மூக்கன் வாசலில் குந்தியிருந்து பார்த்தார். "என்ன வேலாயி, மலைப்பாம்புக்குச் சட்டை தைக்கிறியா?"

"உங்க வாயக் கட்ட ஒரு துண்டு மிச்சம் வச்சிருக்கேன் மூக்கண்ணே. வேணுமா?"

"எனக்கெதுக்கு? எனக்கு வயசாயிருச்சு, தானா மூடிரும்."

"எங்க மூடுது? முப்பத்தெட்டு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம் இருந்தது. ஓடுகிற தண்ணியைப் பனி பிடிக்காது. பீலியில் இராப்பகலாகத் தண்ணி விழுகிறது. அது உறைந்து யாரும் கண்டதில்லை. ஆகவே பள்ளத்துக் கடைசியில் இருக்கிற குழாயை ராத்திரி முழுக்க விரல் தடிப்பில் ஒழுக விட வேண்டும். ஒழுகுகிறது பக்கத்து வடிகால் கானில் போகட்டும். இதை லயம் முழுக்கச் சொன்னாள். கேட்டதும் பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"தை மாசம், நாளைக்கு வெள்ளிக்கெழம. குழாயத் தொறந்துபோட்டுத் தூங்குவியா? வீட்டு லெட்சுமி ஒழுகிப் போயிருவாடி."

"பீலி இராப்பகலா ஓடுது. அதுல போகாத லெட்சுமியா?"

"பீலி சாமி விட்ட தண்ணி. குழா நீ விட்டது."

"போனா போகட்டும். லெட்சுமிக்குத் திரும்பி வர வழி தெரியும். கிழங்குக்குத் தெரியாது." வேலாயி லயத்து நடுவில் நின்று குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! அந்தக் குழாயில எவ கை வச்சாலும் மறுநாள் என்கிட்ட பதில் சொல்லணும்!"

யாரும் கை வைக்கவில்லை. வைத்தது அவள்தான்.

வெள்ளிக்கிழமை பகல் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேகம் இல்லை, காற்று இல்லை. போனில் பனி எச்சரிக்கை வந்ததாகச் சுலக்ஷனா படித்துச் சொன்னாள். "போனு சொல்லித்தான் தெரியணுமா?" என்றாள் வேலாயி. பொழுது சாய, தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமச் சிமிழும் அகல் விளக்குமாகப் பள்ளத்துக்கு இறங்கினாள். பாத்தி மூலையில் அவள் நட்டு வைத்த கல்சாமி ஒன்று உண்டு. கல்லுக்குக் குங்குமம் வைத்தாள். விளக்கேற்றுவதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம்: விளக்குமாறு நிற்கிறதா, எச்சில் பாத்திரம் கிடக்கிறதா, குழாய் ஒழுகுகிறதா. கல்யாணமாகி வந்த நாளில் மாமியார் பழக்கிவிட்டது. கண் பார்த்தது, கை போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தது, தீக்குச்சி கிழித்தது. கும்பிட்டாள். "ஆத்தா, இந்தப் பள்ளத்தப் பாத்துக்க," என்று வேண்டிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டாள். மூடினது அவளுக்கே தெரியாது.

விடியலில் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது உலகம் வேறாக இருந்தது.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் எத்தனையோ பனி பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்த அண்டா, கொடிக்கம்பி, கம்பியில் மறந்துபோன துண்டு, கோழிக்கூட்டுத் தகரம் எல்லாம் வெள்ளை. மேலே நட்சத்திரம் கிட்டக்கிட்ட இறங்கி வந்து, கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. பள்ளம் முழுக்கப் பாலை ஊற்றி உறைய வைத்தது போலக் கிடந்தது.

சுலக்ஷனா போன் வெளிச்சத்தோடு பின்னால் வந்தாள். இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டாள். காலடியில் புல் அப்பளம் போல நொறுங்கியது.

"மாமி... உப்பு."

"உப்பா?"

"எங்க பக்கத்து உப்பளம் மாதிரியே இருக்கு மாமி. மாரி வாறதுக்கு முந்தி இப்பிடித்தான் கெடக்கும். வெள்ளையா, கண்ணுக்கு எட்டின வரைக்கும்." குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். அவள் கண் பெரிதாக விரிந்தது. "கரிக்கேல்ல. இல்லாமப் போகுது!"

வேலாயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நிற்க நேரமில்லை. கிழங்குப் பாத்தியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு இலையிலும் நரம்பு நரம்பாக வெள்ளி கோத்திருந்தது. பூவெல்லாம் கண்ணாடிக்குள் வைத்த பூ. அவ்வளவு அழகை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை; அவ்வளவு பயமும் பட்டதில்லை. வெயில் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.

குழாயடிக்குப் போனாள். ஒழுகுகிற சத்தம் இல்லை. குழாய் வாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஐஸ் தொங்கியது. திருகினாள். திருகு சுற்றியது, ஒரு சொட்டு வரவில்லை.

"எவடி மூடுனது?" வேலாயியின் சத்தம் லயத்துக் கூரையில் மோதித் திரும்பியது. "நாகலெட்சுமி! உன் வேலையா இது? உன் லெட்சுமியக் காப்பாத்த என் மண்ணக் கொன்னுட்டியே!"

காம்பராக் கதவுகள் திறந்தன. நாகலெட்சுமி போர்வையோடு ஓடி வந்தாள். "என் புள்ள மேல சத்தியமா நான் பள்ளத்துப் பக்கமே போகல! விடிஞ்சதும் விடியாததுமா என் பேரையே ஏலம் போடுறியே!"

வேலாயி கேட்கிற நிலையில் இல்லை. பாறைக்கு ஏறி, படங்கைக் கிழித்து எறிந்தாள். உள்ளே ஹோஸ் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

சுலக்ஷனா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். மாமியார் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வெட்டாதீங்க மாமி. வெட்டினா அங்கேயே எல்லாம் கொட்டிப்போகும், கீழ வராது. எங்கட ஊர்ல ஐஸ் கட்டி தகர அச்சுல ஒட்டிக்கொண்டு நிக்கும். என்ன செய்வாங்க தெரியுமா? உருக்கிறது இல்ல. தகரத்துக்கு வெளியால தண்ணி ஊத்துவாங்க. ஓரம் மட்டும் விட்டுக்குடுத்தாப் போதும், கட்டி தன்பாட்டில வழுக்கிக்கொண்டு வரும். இதுக்கும் வழுக்கினாப் போதும். மேல தொட்டித் தண்ணி தள்ளும்தானே?"

வேலாயி அவளைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் குளிர், குளிர் என்று அடுப்போரமே கதியாகக் கிடந்த பெண்.

"சுடுதண்ணி எவ்வளவு வேணும்?"

"நெறைய."

விடியல் ஐந்தரைக்கு லயத்தில் நிறையச் சுடுதண்ணி இருக்கிற இடம் ஒன்றுதான். பன்னிரண்டு அடுப்பிலும் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில், அந்த ஒரு கோப்பைச் சாயத்தண்ணி உள்ளே போகாமல் யாருக்கும் விரல் மடங்காது; விரல் மடங்காமல் கொழுந்து எடுக்க முடியாது. அதைப் போய்க் கேட்க வேலாயிக்கு வாய் வரவில்லை. அதுவும் இப்போதுதான் ஒருத்தியைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

அவள் கேட்கவில்லை. நாகலெட்சுமிதான் போனாள். தன் காம்பராவுக்குள் நுழைந்து, கேத்தலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மூக்கன் பார்த்தார். "அட, சும்மா நின்னு என்ன பாக்கிறீங்க? ஒரு நாளைக்குத் தேத்தண்ணி குடிக்காட்டி யாரும் செத்துற மாட்டோம். நான் செத்தாலும் பரவாயில்ல, தூக்குங்க!"

வெள்ளைப் பள்ளத்தில் பன்னிரண்டு கேத்தல் வரிசையாக இறங்கி வந்ததை வேலாயி சாகிறவரை மறக்க மாட்டாள். ஒவ்வொரு கேத்தல் மூக்கிலிருந்தும் ஆவி நேராக மேலே எழுந்தது. முகம் தெரியவில்லை, போர்வையும் ஆவியும்தான் தெரிந்தது. தேர் வருகிற மாதிரி இருந்தது.

முதலில் கடைசிக் குழாயைக் கழற்ற வேண்டும், ஐஸ் வெளியே போக வழி வேண்டுமே. சுலக்ஷனா குனிந்து, கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துக் குழாயை உருவினாள். உருவினவள் வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். திருகின் மேலே சிவப்பாக ஒரு விரல் அடையாளம். குங்குமம். கீழ் லயத்தில் நேற்று இந்தப் பள்ளத்துக்குக் குங்குமத்தோடு வந்தது ஒரே ஆள். சுலக்ஷனா தலையைத் தூக்காமல், சுவெட்டர் கையால் அதை அழுத்தித் துடைத்தாள்.

துடைத்ததை வேலாயி பார்த்துவிட்டாள். சுவெட்டரில் சிவப்பு. தன் வலது கை விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் அதே சிவப்பு. ஆனால் எதிர்மலை உச்சியில் மஞ்சள் வெளிச்சம் ஏறிவிட்டது.

"ஊத்துங்க!" என்றாள்.

குழாய்ப் பக்கமிருந்து மேலே, அடி அடியாக ஊற்றிக்கொண்டு போனார்கள். ஆவி பாறையை மூடியது. ஆறு கேத்தல். ஒன்றும் இல்லை. எட்டு. எதிர்மலையில் வெயில் பாதி இறங்கியிருந்தது. பத்து. மூக்கன் ஹோஸில் காதை வைத்தார். "உள்ள எலி ஓடுற மாதிரி இருக்கு," என்றார். பதினொன்று. கடைசிக் கேத்தல் வேலாயியுடையது. ஊற்றினாள்.

ஹோஸ் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. பிறகு கீழே சடசடவென்று ஒரு சத்தம். எல்லாரும் ஓடினார்கள். குழாய் வாயிலிருந்து ஐஸ் வந்துகொண்டிருந்தது, கண்ணாடிக் குச்சி குச்சியாக. சாண் நீளம், முழம் நீளம், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, வெளியே விழுந்து வளையல் உடைகிற மாதிரி சிதறியது. நம்ம மலையில், நம்ம பீலித் தண்ணி, இப்படி ஒரு உருவத்தில் எழுந்து வருமா? நாகலெட்சுமி ஒரு குச்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னாலேயே தண்ணி பீறிட்டு வந்தது.

வேலாயி ஹோஸைத் தூக்கினாள். கட்டைவிரலால் வாயைப் பாதி அடைத்து, பூவாளி மாதிரி விசிறினாள். தண்ணி பட்ட இடமெல்லாம் வெள்ளை கழன்று பச்சை வந்தது. பாத்தி பாத்தியாகப் பச்சை வந்தது. சுலக்ஷனா பின்னால் ஹோஸை இழுத்துப் பிடித்தாள். மற்றவர்கள் செடியை மிதிக்காமல் தூக்கிக் கொடுத்தார்கள். விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெயில் பள்ளத்து விளிம்பில் கால் வைத்தபோது கீழ்க்கோடியில் இரண்டு பாத்திதான் மிச்சம். அதை எட்டமுடியவில்லை. வெயில் முந்திக்கொண்டது.

மற்ற எல்லாப் பாத்தியும் நனைந்து நின்றது. ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டிலும் ஒரு சூரியன்.

பெரட்டுச் சத்தம் கேட்டது. எல்லாரும் வெறும் வயிற்றோடு கலைந்தார்கள். வேலாயி கூப்பிட்டாள்.

"நில்லுங்க." "குழாய மூடுனது நான்தான்."

வேலாயி தன் தப்பை ஒத்துக்கொண்டு அந்த லயம் கேட்டதில்லை.

"வெளக்கேத்தப் போனேன். கை தானா மூடிருச்சு." விரலை நீட்டிக் காட்டினாள். "நாகு, உன்னத் திட்டுனது என் வாய்க்கொழுப்பு. மனசுல வச்சுக்காத."

நாகலெட்சுமி வெறுங்கேத்தலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன். லெட்சுமி உன் கையாலயே மூடிக்கிட்டா பாத்தியா? யாரு என்ன சொன்னாலும் அவ நெனச்சதுதான் நடந்துச்சு."

"அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீ ஒத்துக்கிட்டாத்தான் ஒலகம் அழிஞ்சுருமே!" என்றார் மூக்கன். அப்போதுதான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

மத்தியானம் விஜிதரன் கண்டாக்கு பள்ளத்துக்கு வந்தார். வருகிற வழியெல்லாம், ஓடையோரத்துத் தேயிலை நெருப்பு வைத்த மாதிரி சிவந்து கருகிக் கிடந்தது. மலைக்கு மலை அப்படி. அதைப் பார்த்துப் பார்த்து வந்த முகத்தோடு பள்ளத்து விளிம்பில் நின்றார். கீழே கிண்ணம் நிறையப் பச்சை. கோடியில் இரண்டு பாத்தி மட்டும் கருத்துத் தலை தொங்கியிருந்தது. கண்டாக்கு தொப்பியைக் கழற்றினார்.

"அது ரெண்டும் கருகிருச்சுங்க," என்றாள் வேலாயி, அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

"அதை யாரு கேட்டா? ஓடைப் பக்கத்து எளங்கன்னு பூராப் போச்சு. பம்பு, ஆளு எல்லாம் வச்சுக்கிட்டு எங்களால ஒண்ணும் காப்பாத்த முடியல." பாறைமேல் கிழிந்து கிடந்த படங்குகளைப் பார்த்தார். "யூகலிப்டஸ் கன்ன வேற எடத்துல நட்டுக்கலாம். தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். இது உங்க பள்ளம்."

வேலாயி தலையை ஆட்டினாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள்.

அன்று பொழுது சாய மறுபடி விளக்கோடு இறங்கினாள். சுலக்ஷனாவும் வந்தாள். சுவெட்டர் கையில் குங்குமக் கறை அப்படியே இருந்தது. வேலாயி கல்லுக்குப் பொட்டு வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். குழாய் விரல் தடிப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. கை தானாக நீண்டது. மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலாயி அந்தக் கையை இழுத்து, முந்தானைக்குள் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நீயே ஏத்து புள்ள," என்றாள். "என் கைய நம்ப முடியாது."

சுலக்ஷனா தீக்குச்சியைக் கிழித்தாள். தண்ணி ஒழுகிக்கொண்டே இருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. முதல் நட்சத்திரம் நேற்றைப் போலவே கிட்ட இறங்கி வந்து நின்றது.